பிரேக் தூசியும் செங்கற்பட்டுச் சீமையும்

மாமல்லபுரத்தில் பாறையைச் செதுக்கிச் சமைக்கப்பெற்ற ஐந்து ரதங்களுக்கும் சக்கரங்கள் கிடையா. பல்லவச் சிற்பி அவற்றை ஏன் வடிக்காமல் விட்டான் என்னும் விசாரணை ஆராய்ச்சியாளரைச் சார்ந்தது. ஓடாத ரதத்தை நிறுத்தும் பிரயாசை எவருக்கும் நேரவில்லை என்பதே நமக்குப் போதும். ஆனால் அங்கிருந்து மேற்கே பதினைந்து கிலோமீட்டர் அளவில் உள்ள திருக்கழுக்குன்றத்தில், சித்திரை மாதத்தில் வேதகிரீசுவரர் தேர் நிலையை விட்டுக் கிளம்பும்போது, ஓட்டுவதைக் காட்டிலும் நிறுத்துவதே பெரிய வித்தை என்பது கண்கூடாக விளங்கும். வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கானவர்களாக இருந்தாலும், தேரின் போக்கை நிர்ணயிப்பவர்கள் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் ஒரு சிலரே. கட்டை சக்கரத்தில் உராய்ந்து, கருகி, சிம்பு சிம்பாகத் தெறித்தால்தான் தேர் நிற்கும். திருவாரூர் ஆழித் தேருக்குத் திருச்சி பாரத மிகு மின் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் நீரழுத்த பிரேக்கும் பொருத்திக் கொடுத்த பிறகும் இந்தத் தத்துவம் மாறவில்லை: வேகத்தை உஷ்ணமாக மாற்றுவதும், அப்படி மாற்றும்போது தானும் தேய்ந்து பொடியாவதுமே பிரேக்கின் சுபாவம்.

அந்தப் பொடியைத்தான் இன்றைக்குச் சிறு கார் வைத்திருப்பவர்கள் சக்கரத்தில் கண்டு முகம் சுளிக்கிறார்கள். அதைத் தடுப்பதற்கென்று ஒரு மெல்லிய தட்டைச் சக்கரத்துக்குள் பொருத்திக் கொள்ளலாமா என்ற கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் மோட்டார்த் தொழில் சரித்திரத்தோடு அதற்கு நெருங்கிய சம்பந்தம் உண்டு.

இங்கிலாந்து ஸ்டாண்டர்ட் கம்பெனியின் உறவோடு 1948ஆம் வருஷத்தில் ஸ்தாபிதமான ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ், பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையே, தெற்கே போகும் பெரிய டிரங்க் ரோடான ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டித் தன் தொழிற்சாலையை அமைத்தது. 1961இல் அங்கிருந்து வெளிவந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, அம்பாசடரும் பியட்டும் ஆண்ட காலத்தில், சென்னை ராஜ்யத்தின் சொந்தப் பிள்ளை என்ற அபிமானத்தைப் பெற்றிருந்தது. பிரேக்குக்கு வேண்டிய உபகரணங்களும் அக்கம்பக்கத்திலேயே உற்பத்தியாகத் தொடங்கின. 1962இல் பாடியில் பிரேக்ஸ் இந்தியா, 1964இல் ரானே பிரேக் லைனிங், 1974இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்று வரிசையாக எழுந்த ஸ்தாபனங்களைப் பார்த்தால், பாடியும் அம்பத்தூரும் அடங்கிய அந்நாளைய ஜில்லாவே இந்தியாவின் வண்டிகளை நிறுத்தக் கற்றுக்கொடுத்தது என்று சற்று மிகையாகச் சொன்னாலும் குற்றமில்லை.

அக்காலத்துக் கார்களின் சக்கரத்தில் இருந்தது டிரம் பிரேக். இரும்பு டிரம் ஒன்று சக்கரத்தோடு சுழலும். அதன் உள்ளே பிறை வடிவமான இரண்டு ஷூக்கள் விரிந்து, அவற்றின்மேல் ஒட்டிய லைனிங் டிரம்மின் உட்சுவரை அழுத்தும். லைனிங் தேய்ந்த தூசி வெளியே வருவதற்கு வழி அதிகம் இல்லாமையால், டிரம்முக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே தெரியும் எஃகுச் சக்கரமும் அதன் நடுவே பதித்த குரோமிய மூடியும், தெருப் புழுதி ஒன்றைத் தவிர வேறு அழுக்கை அறியா. ஆகவே அந்நாளில் காரின் சொந்தக்காரருக்குப் பிரேக் தூசி என்று ஒன்று இருப்பதே தெரியாது.

தெரிந்தவன் பட்டறைக்காரன். ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில், தாம்பரம் முதல் மதுராந்தகம் வரையில், கீற்றுக் கொட்டகைகளில் நடந்த எத்தனையோ பட்டறைகளில் அந்தக் காட்சி நித்தியமாக நடந்தது. காரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றுவார்கள். துருவினால் இறுகிப்போன டிரம்மைச் சுற்றிலும் சுத்தியலால் தட்டித் தட்டி அசைத்து இழுப்பார்கள். அது கையோடு வந்ததும் உள்ளே விபூதியைப் போல மெல்லிய சாம்பல் நிறத் தூசி கொட்டிக் கிடக்கும். பையன் ஒருவன் கம்பிரஸர் குழாயை எடுத்து ஒரே ஊதாக ஊதுவான். கொட்டகை முழுவதும் மூட்டம் போட்டாற்போல் ஆகி, சற்று நேரத்தில் அடங்கும். அடங்கியதில் ஒரு பகுதி தரையில், ஒரு பகுதி அவன் மார்பில். அந்தத் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. இங்கிலாந்தில் ஹெர்பர்ட் புரூட் போன்றவர்கள் பிரேக் லைனிங் தொழிலை வளர்த்த காலந்தொட்டு, உஷ்ணத்துக்கு அசையாத அந்தக் கனிம நாரே உலகெங்கும் லைனிங்குக்கு உயிராக இருந்து வந்தது. அது சுவாசப் பையில் புகுந்து பல்லாண்டுகள் கழித்துப் பழிவாங்கும் என்பதை வைத்தியர்கள் சொல்லி, 1995 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளரின் ஆரோக்கியத்தை ஜீவாதார உரிமையாக அங்கீகரித்துத் தீர்ப்பு வழங்கியது. மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களில் அறுவை யந்திரம் கிளப்பும் கருங்கல் தூசியைப் பற்றி இப்பொழுதாவது கவலைப்படுகிறோம். பட்டறைப் பையனுக்காகக் கவலைப்பட்டவர்கள் வெகு சிலரே.

டிஸ்க் பிரேக்கின் கதை வேறு. பிரெடரிக் லாஞ்செஸ்டர் 1902இலேயே அதற்குப் பேடன்ட் பெற்றுவிட்டார். ஆனால் அதன் மகிமை உலகுக்கு விளங்கியது 1953இல், லெ மான் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பூட்டிய ஜாகுவார் வெற்றி பெற்றபோதுதான். டிரம்முக்குள் உஷ்ணம் அடைபட்டு, நெடுநேரம் பிரேக்கை மிதித்தால் பிடிப்புத் தளர்ந்துபோகும். டிஸ்க்கோ காற்றில் அம்மணமாகச் சுழல்வதால் தன் உஷ்ணத்தை உடனுக்குடன் உதறிவிடுகிறது. ஆயிரம் கிலோ எடையுள்ள சிறு கார் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு தடவை நிற்பதற்குள் பிறக்கும் உஷ்ணம், ஒரு லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது என்றால், அந்த அம்மணத்தின் பிரயோஜனம் புரியும். ஆனால் மூடியை எடுத்தவுடன் அதுவரை உள்ளே கிடந்த தூசியும் வெளியே வந்தது. டிஸ்க்கின் இரும்பும், அதைக் கவ்விப் பிடிக்கும் பேடின் கரியும் பிசினும் கலந்த அந்தப் பொடி, சுழலும் சக்கரத்தின் முகத்திலேயே வந்து படிகிறது.

ஸ்டாண்டர்ட் தொழிற்சாலையின் உற்பத்தி 1988இல் நின்றுபோயிற்று. பதினோரு ஆண்டுகள் கழித்து, அதே சாலையில் இன்னும் தெற்கே, மறைமலையடிகள் பெயரால் எழுந்த துணை நகரத்திலிருந்து போர்டு கம்பெனியின் ஐகான் கார் புறப்பட்டது; அதற்கு முந்திய வருஷம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்திருந்தது. 2010இல் மறைமலை நகரிலேயே பிகோ பிறந்தது. முன் சக்கரத்தில் டிஸ்க், பின் சக்கரத்தில் டிரம் என்பது இவ்வகைக் கார்களின் பொது இலக்கணம். இதனோடு அலாய் சக்கரம் என்னும் அலங்காரமும் சேர்ந்துகொள்ளவே, தூசி ஒரு மனக்குறையாக வளர்ந்தது. போர்டு ஆலை 2022இல் மூடப்பட்டது. மனக்குறை மட்டும் மூடப்படவில்லை.

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலுக்கு அருகில் வண்டிகள் நிறுத்தும் இடத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வந்து நிற்கும் வெள்ளி நிறச் சக்கரங்களைக் குனிந்து பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். பின் சக்கரத்தில் சாதாரணப் புழுதி. முன் சக்கரத்தில், ஆரங்களின் மூலைகளில், விரலில் ஒட்டும் கரி. பிரேக் பிடிக்கையில் வண்டியின் பாரம் முன்னே சாய்வதால் முன் பிரேக்கே பெரும்பாலான வேலையைச் செய்கிறது. பல வாரம் கழுவாத சக்கரமானால், கரிக்கு நடுவே ஊசிமுனை அளவில் செம்புள்ளிகள் இருக்கும்: சுடச்சுட வந்து வார்னிஷில் பதிந்த இரும்புத் துகள், உப்புக் காற்றின் ஈரத்தில் துருப்பிடித்ததன் அடையாளம் அது. மேட்டுநில ஊர்க்காரர்களைக் காட்டிலும் இந்தக் கடலோரவாசிகளுக்கு இந்தத் தொல்லை அதிகம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதற்குப் பரிகாரமாக அமெரிக்காவில் வியாபாரத்துக்கு வந்ததுதான் தூசித் தட்டு. சக்கரத்துக்கும் ஹப்புக்கும் இடையே வைத்து முடுக்கும் மெல்லிய வட்டத்தகடு அது. டிஸ்க்குக்குப் பின்னால் கம்பெனியாரே வைத்தனுப்பும் தகட்டோடு இதைக் குழப்பிக் கொள்ளலாகாது. சக்கரத்தின் முகத்தை இது காப்பாற்றுகிறது என்பது உண்மை. ஆனால் எந்தக் காற்றோட்டத்துக்காக டிரம்மின் மூடியைக் கழற்றினோமோ, அதற்கே குறுக்கே நிற்கும் மற்றொரு மூடியாகவும் இது அமைந்துவிடுகிறது. சில தட்டுகளில் காற்றுக்கென்று துவாரங்கள் இட்டிருக்கிறார்கள். துவாரம் பெரிதானால் தூசி வரும், சிறிதானால் காற்று வராது. செங்கற்பட்டின் சமதரையில், பரனூர் சுங்கச்சாவடிக்கு ஒரு மிதி, ஊருக்குள் சில மிதி என்று ஓட்டுகிறவருக்கு இதனால் விபரீதம் நேராமல் போகலாம். அதே காரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையோ கொல்லிமலையின் எழுபதையோ இறங்கும்போது நிலைமை வேறு. ஈரம் உறிஞ்சிய பழைய டாட் 3 பிரேக் ஆயில் 140 டிகிரி அளவிலேயே கொதிக்கத் தொடங்கக்கூடும். கொதித்தால் மிதி கட்டை வெறுமையாக உள்ளே போகும். சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே அந்நியத் தகடு ஒன்றைச் செருகிவிட்டு, நட்டுகளின் இறுக்கத்தைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டியிருப்பதும் நல்லதல்ல.

மேலும், தட்டு தூசியை ஒழிப்பதில்லை. காரின் சொந்தக்காரர் கண்ணில் படாமல் சாலைக்கும் காற்றுக்கும் அனுப்பிவைக்கிறது, அவ்வளவே. ஐரோப்பியர் 2024இல் இயற்றிய யூரோ 7 சட்டம் பெட்ரோல், டீசல் கார்களின் பிரேக்கிலிருந்து வெளிப்படும் நுண்துகளைக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம் என்று முதன்முதலாக வரையறுத்திருக்கிறது. டிஸ்க்கையும் பேடையும் தேய்மானம் குறையும்படி செய்வதும், தூசியைப் பிறந்த இடத்திலேயே உறிஞ்சிப் பிடிப்பதும் அங்கே நடைபெறும் முயற்சிகள்.

ஆகையால், சிறு காருக்குத் தூசித் தட்டு வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். வாரம் ஒரு முறை, சக்கரம் ஆறிய பிறகு, சோப்பு நீரால் கழுவுங்கள். பேட் மாற்றும் சமயத்தில் தூசி குறைவான செராமிக் வகை உங்கள் காருக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். பின் டிரம்மைத் திறக்கும் நாளில் மட்டும் பட்டறையில் கூட இருந்து, அந்தப் பையனைக் கம்பிரஸரால் ஊத விடாமல், ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.