அறிவாற்றல் ஏற்ற இறக்கம்

மறதிநோய் உள்ளவரின் விழிப்பும் கவனமும் வெளிப்படையான காரணமின்றி ஒரே நாளிலோ சில நாட்களுக்குள்ளோ கூடிக் குறைவது. காலையில் நாளிதழைப் படித்துச் செய்தி சொன்னவர், பிற்பகலில் கையிலுள்ள கரண்டி எதற்கென்றே புரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார். ‘வேண்டுமென்றே செய்கிறார்’ என்று வீட்டார் சலித்துக்கொள்வதும் உண்டு, அது நியாயமில்லை. மறதிநோயின் ஒரு வகையான லூயி உடல் மறதிநோயில் இது மிகுதி. அந்த வகைக்கென 2017இல் வெளியான பன்னாட்டு நோயறி வரையறையில் இது மையக் கூறுகளில் ஒன்று.

மதிப்பிடுவதுதான் சிக்கல். மருத்துவர் பார்க்கும் அரை மணி நேரம் நோயாளிக்கு நல்ல வேளையாக அமைந்துவிட்டால் நினைவாற்றல் சோதனையின் மதிப்பெண் ஏமாற்றிவிடும். எனவே உடனிருந்து பார்த்துக்கொள்பவரின் சொல்லே முதன்மைச் சான்று. ஆனால் ‘சில நாள் நன்றாக இருக்கிறார், சில நாள் இல்லை’ என்ற பதில் போதாது. அல்சைமர் நோயாளியின் குடும்பத்தாரும் அதையே சொல்வார்கள். 2004இல் வெளியான மேயோ அளவுகோல் நான்கை மட்டும் கேட்கிறது: இரவில் நன்றாகத் தூங்கியும் பகலில் மந்தம், பகலில் 2 மணி நேரமோ அதற்கு மேலோ தூக்கம், நெடுநேரம் வெறித்த பார்வை, கோவையற்ற பேச்சு. மூன்றுக்கேனும் ‘ஆம்’ என்றால் லூயி உடல் வகை என்ற ஐயம் வலுக்கும்.

குழப்பம் திடீரெனத் தொடங்கியிருந்தால் முதலில் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை ஆகியவற்றை விசாரிக்க வேண்டும். அது டெலிரியம் என்னும் திடீர்க் குழப்பநிலையாக இருக்கலாம்.