திராட்சைத் தோட்டத்து மணி

சென்ற செப்டம்பரில் நானும் என் மனைவியும் தென்னாப்பிரிக்கா போய் வந்ததிலிருந்து, மாலை நடைப்பயிற்சியில் என்னிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சார், வைன் எப்படி இருந்தது?" பதிலை எழுத்திலேயே கொடுத்து விடுகிறேன். நான் குடித்தது திராட்சைச் சாறு. நன்றாகவே இருந்தது. என் மனைவி அதையும் தொடவில்லை, தண்ணீரோடு நிறுத்திக்கொண்டார்.

செய்திமடல் குழுவினர் என்னிடம் கேட்டது ஒரு பயண அனுபவம்தான். ஆனால் எழுத உட்கார்ந்தால் அனுபவத்தைவிட வரலாறுதான் அதிகமாக வருகிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் மகன் ஏற்பாடு செய்த டூர் அது. கேப் டவுனில் தொடங்கி, கடலோரச் சாலைகளிலும் திராட்சைத் தோட்டங்களிலும் சுற்றி, ஹெர்மானஸ் என்ற ஊரில் திமிங்கலம் பார்ப்பதோடு முடியும் ஐந்து நாள் பயணம். வேனில் நாங்கள் பத்துப் பேர். வண்டி ஓட்டியவரேதான் வழிகாட்டியும். ஐம்பது வயதிருக்கும். முதல் நாள் காலை அவர் தம் முழுப் பெயரைச் சொன்னதும் வேனில் எல்லோரும் சிரித்துவிட்டோம். காரணம், அவருடைய குடும்பப் பெயர் ஒரு ஆங்கில மாதத்தின் பெயர். அவரும் சேர்ந்து சிரித்தார். "இது எப்படி வந்தது என்று ஊர் திரும்புவதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்" என்றார்.

முதல் நாள் அவர் எங்களை அழைத்துப்போனது ஒரு பழைய கட்டடத்துக்கு. 'ஸ்லேவ் லாட்ஜ்' என்பது அதன் பெயர். அடிமை விடுதி என்று சொல்லலாம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் அடிமைகளை அடைத்து வைப்பதற்காக 1679இல் கட்டியது. இன்று அருங்காட்சியகம்.

கதையின் தொடக்கம் 1652. கிழக்கே போய்வரும் கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் தண்ணீரும் ஏற்ற வழியில் ஓர் இடம் வேண்டும் என்று டச்சுக் கம்பெனி ஆப்பிரிக்காவின் தென்முனையில் இறங்கியது. தலைமை தாங்கி வந்தவர் யான் வான் ரீபேக். அந்த மண் ஏற்கெனவே கோய்கோய் மக்களின் மேய்ச்சல் நிலம். 1659 பிப்ரவரியில் அங்கே முதல் திராட்சை மது பிழியப்பட்டது. அதே ஆண்டில் நிலத்துக்காகக் கோய்கோய் மக்களுக்கும் டச்சுக்காரர்களுக்கும் முதல் சண்டையும் வந்தது.

தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே! 1658இலேயே அடிமைகளை ஏற்றிய கப்பல்கள் வரத் தொடங்கிவிட்டன. அது முதல் 1808இல் அடிமை வாணிபம் நிற்கும் வரை கேப்புக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் 63,000 பேர். இவர்களில் ஏறத்தாழக் கால் பங்கினர் இந்தியாவிலிருந்து போனவர்கள். இதைப் படித்ததும் நான் நின்றுவிட்டேன். தென்னாப்பிரிக்க இந்தியர் என்றாலே 1860இல் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனவர்கள்தான் நம் நினைவுக்கு வருவார்கள். அதற்கு 200 ஆண்டுகள் முன்பே நம்மவர்கள் கேப்பில் இருந்திருக்கிறார்கள்!

அந்தக் காலப் பதிவேடுகளில் அடிமையின் பெயருக்குப் பின்னால் வந்த இடத்தையும் எழுதிவிடுவார்கள். வான் பெங்காலன் என்றால் வங்காளத்திலிருந்து வந்தவர். வான் மலபார் என்றால் மலையாளக் கரை. வான் கோரமண்டல் என்றால் நம் சோழமண்டலக் கரை.

நான் நாகப்பட்டினம் பக்கத்து ஊர்க்காரன். நாகை 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் வசம் இருந்தது. அவர்களுடைய பழைய கல்லறைகளைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். டச்சுக்காரர்கள் துணி வாங்க வந்தார்கள், மிளகு வாங்க வந்தார்கள் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். மனிதர்களையும் வாங்கினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையில் பீஜப்பூர்ப் படைகள் புகுந்து சூறையாட, பஞ்சமும் சேர்ந்துகொண்டது. சோற்றுக்காகத் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களை டச்சுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிக் கப்பல் ஏற்றினார்கள். பெரும்பாலோர் போனது இலங்கைக்கும், இன்று ஜகார்த்தா என்கிறோமே, அந்தப் பத்தாவியாவுக்கும். பஞ்சம் வந்தபோதெல்லாம் இது நடந்தது. ஐரோப்பா திரும்பும் கப்பல்கள் கேப்பில் நிற்கும்போது, கம்பெனி அதிகாரிகள் தாங்கள் கொண்டுவந்த ஆட்களை அங்கே நல்ல விலைக்கு விற்றுவிடுவார்கள்.

இரண்டாம் நாள் கான்ஸ்டான்ஷியா. ஆளுநர் சைமன் வான் டெர் ஸ்டெல் 1685இல் பெற்ற தோட்டம் அது. அதன் இனிப்பு மது பின்னாளில் ஐரோப்பிய அரண்மனைகளுக்கெல்லாம் போனது. செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்கும் போனது. வான் டெர் ஸ்டெலின் தாய்வழிப் பாட்டி, விடுதலை பெற்ற ஓர் இந்திய அடிமைப் பெண். அப்படிப்பட்டவரின் தோட்டத்திலும் அடிமைகள்தான் வேலை செய்தார்கள்.

அன்று பிற்பகல் சாப்மன்ஸ் பீக் சாலை வழியாகப் போனோம். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் அட்லாண்டிக் கடல். 9 கிலோமீட்டரில் 114 வளைவுகள். உலகின் அழகான சாலைகளில் ஒன்று என்கிறார்கள், மறுக்க முடியாது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொன்னார். 1915இல் தொடங்கி 1922இல் திறக்கப்பட்ட இந்தச் சாலைக்குப் பாறை வெட்டியவர்கள் சிறைக் கைதிகள். நான்காம் நாள் நாங்கள் போன கிளாரன்ஸ் சாலையிலும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட இத்தாலியப் போர்க் கைதிகள் அங்கே வேலை செய்திருக்கிறார்கள்.

அந்த மாலை சைமன்ஸ் டவுனில் பென்குவின்களைப் பார்த்தோம். அழகான கடற்படை ஊர். 1967இல் அரசு இந்த ஊரை வெள்ளையர் பகுதியாக அறிவித்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த மற்றவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. சொந்த வீட்டுக்குப் பத்திரம் கையில் இருந்தாலும் இதே கதிதான். நாம் பராமரிப்புக் கட்டணம் நூறு ரூபாய் ஏறினாலே பொதுக்குழுவைக் கூட்டுகிறோம்.

மூன்றாம் நாள் ஸ்டெல்லன்பாஷ், ஃபிரான்ஷூக். மலை அடிவாரத்தில் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள், வெள்ளை வெளேரென்று சுண்ணாம்படித்த டச்சு வீடுகள். ஃபிரான்ஷூக் என்றால் பிரெஞ்சு மூலை. மத வேறுபாட்டால் பிரான்சில் துன்புறுத்தப்பட்டு ஓடிவந்த ஹியூகனாட் புராட்டஸ்டன்டுகள் ஏறத்தாழ 200 பேர் 1688ஐ ஒட்டி கேப்புக்கு வந்தார்கள். அவர்களில் பலருக்குக் கம்பெனி இந்தப் பக்கத்தில் நிலம் கொடுத்தது. அவர்கள் நினைவாக அங்கே மூன்று வளைவுகளோடு ஒரு பெரிய நினைவுச் சின்னம் இருக்கிறது, 1948இல் திறந்தது. நியாயம்தான், அகதிகளாக வந்து பாடுபட்டவர்கள்.

நாங்கள் போன தோட்டத்தில், இரண்டு வெள்ளைத் தூண்களுக்கு நடுவே ஒரு மணி தொங்கியது. வேனில் வந்தவர்கள் ஒவ்வொருவராக அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் எடுத்துக்கொண்டேன். எல்லோரும் எடுத்து முடித்த பிறகு வழிகாட்டி சொன்னார்: "இது அடிமை மணி. இது அடித்தால் எழுந்திருக்க வேண்டும். திரும்ப அடித்தால்தான் வேலையை விடலாம்." அதற்குப் பிறகுதான் தம் பெயர் விஷயத்துக்கு வந்தார். அடிமைக்கு அவனுடைய சொந்தப் பெயர் நிலைக்காது. வாங்கியவன் வைப்பதுதான் பெயர். கப்பலில் வந்து சேர்ந்த மாதத்தையோ விலைக்கு வாங்கிய மாதத்தையோ பெயராக வைத்துவிடுவது அங்கே வழக்கமாக இருந்தது. ஜனவரி, பிப்ரவரி, ஏப்ரல், செப்டம்பர் என்று இன்றும் கேப் டவுனில் நிறையக் குடும்பங்கள் இருக்கின்றன. முதல் நாள் சிரித்த நாங்கள் யாரும் ஒன்றும் பேசவில்லை.

இனி நான் வேலை பார்த்த துறைக்கு வருகிறேன். முப்பத்தைந்து வருஷம் பேரேடு பார்த்தவனுக்குக் கணக்கு கேட்காமல் இருக்க முடியாது. விடுதலை வந்தபோது யாருக்கு என்ன கிடைத்தது? வழிகாட்டியிடம் கேட்டேன், ஊருக்கு வந்த பிறகும் தேடிப் படித்தேன்.

கேப் அப்போது ஆங்கிலேயர் கைக்கு மாறியிருந்தது. 1834 டிசம்பர் 1 அன்று அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் தொழில் பழகுநர் என்ற பெயரில் இன்னும் நான்கு வருஷம் அதே எஜமானிடம் வேலை செய்ய வேண்டும் என்று வைத்தார்கள். உண்மையான விடுதலை 1838 டிசம்பர் 1 அன்றுதான். இதற்கு பிரிட்டிஷ் அரசு தன் குடியேற்ற நாடுகள் அனைத்துக்குமாக ஒதுக்கிய இழப்பீடு 2 கோடி பவுண்டு. கேப்பின் பங்கு சுமார் பன்னிரண்டரை லட்சம் பவுண்டு. அங்கே விடுதலையானவர்கள் ஏறத்தாழ 38,000 பேர். வகுத்துப் பார்த்தால் தலைக்கு 33 பவுண்டு அளவில் வருகிறது.

இந்த 33 பவுண்டும் போனது எஜமானர்களுக்கு. அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு பென்னிகூட இல்லை, ஒரு முழம் நிலமும் இல்லை.

அந்தப் பணத்தை லண்டனில்தான் வாங்க முடியும். கேப்பில் இருக்கும் விவசாயி லண்டன் போக முடியுமா? எனவே முகவர்கள் அவர்களுடைய கோரிக்கைகளைக் கழிவு போட்டு வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் பில் டிஸ்கவுன்ட் என்போமே, அதே தொழில்தான். இந்தப் பணம் ஊருக்குள் வந்த காலத்தில்தான், 1830களின் பிற்பகுதியில், கேப்பில் தனியார் வங்கித் தொழில் தலையெடுத்தது. பிரிட்டிஷ் அரசோ இந்த இழப்பீட்டுக்காக 1835இல் ஒன்றரைக் கோடி பவுண்டு கடன் வாங்கியது. வேறு கடன் பத்திரங்களோடு சேர்த்து மாற்றி மாற்றிப் புதுப்பிக்கப்பட்ட அந்தக் கடன் முழுதாகத் தீர்ந்தது 2015இல். அடிமை வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்த பணத்தின் பாக்கியை நம் காலத்து பிரிட்டிஷ் வரிதாரர்கள் அடைத்திருக்கிறார்கள்!

விடுதலையான பலருக்கும் போக்கிடம் இல்லை. அதே தோட்டங்களிலேயே கூலிக்கு நின்றார்கள். கூலியில் ஒரு பகுதியை மதுவாகவே ஊற்றிக் கொடுக்கும் 'டாப்' என்ற வழக்கம் அங்கே அடிமைக் காலத்திலிருந்தே உண்டு. ஒரு நாளைக்குப் பலமுறை ஊற்றுவார்கள். 1960களில் சட்டம் தடுத்தும் சில இடங்களில் 1990கள் வரை நடந்தது. தாய் குடிப்பதால் கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாக இருக்கும் பகுதிகளில் இந்தத் திராட்சைச் சீமையும் ஒன்று. கண்ணாடிக் கோப்பையைச் சுழற்றி முகர்ந்து பார்க்கும் இடத்திலிருந்து தொழிலாளர் குடியிருப்பு அதிக தூரம் இல்லை.

அதற்காக யாரும் அங்கே போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அவசியம் போங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை ஹெர்மானஸில் கரையில் நின்றபடியே திமிங்கலம் பார்க்கலாம், படகுக்குத் தனியாகச் செலவு வேண்டாம். மலைச் சாலையில் தலைசுற்றல் உள்ளவர்கள் மாத்திரை எடுத்துச் செல்லுங்கள். டூர்க்காரர்கள் பட்டியலில் இல்லாவிட்டாலும் ஸ்லேவ் லாட்ஜைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதன் பக்கத்துச் சதுக்கத்தில், அடிமைகளின் பெயர்களைச் செதுக்கிய கருங்கற்களை 2008இல் வைத்திருக்கிறார்கள். சில தோட்டங்களிலும் இப்போது பழைய பதிவேடுகளைத் தேடி, அங்கே உழைத்தவர்களின் பெயர்களை எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

கடைசி நாள் ஹெர்மானஸில் பாறை மேல் உட்கார்ந்திருந்தோம். தாய்த் திமிங்கலமும் குட்டியும் கரைக்குப் பக்கத்திலேயே புரண்டுகொண்டிருந்தன. வழிகாட்டி தேநீர் வாங்கி வந்து என் பக்கத்தில் அமர்ந்தார். உங்கள் முன்னோர் எந்தத் தேசத்திலிருந்து வந்தார்கள் என்று தெரியுமா என்று கேட்டேன்.

"மாதம் தெரியும், ஊர் தெரியாது" என்றார்.

பிறகு, "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டார். நாகப்பட்டினம் என்றேன். அவருக்குச் சொல்ல வரவில்லை. இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய நோட்டை எடுத்து நீட்டினார். அதில் ஏற்கெனவே எத்தனையோ ஊர்ப் பெயர்கள் இருந்தன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையெழுத்தில். அவற்றின் கீழே நானும் எங்கள் ஊர்ப் பெயரை எழுதிக் கொடுத்தேன்.