வல்லாரைச் சம்பல்
கண்டி வட்டாரத்தில் சோற்றோடு உண்ணும் பச்சை இலைக் கலவை. சிங்களத்தில் கொட்டுகொல சம்போல. தொட்டுக்கொள்ளும் துணையென்றே பலர் இதை ஒதுக்கினாலும், அமைப்பால் இது முழுமையான சாலட். கிரேக்கக் கிராமத்துச் சாலட்டில் ஒலிவ் எண்ணெய் தரும் கொழுப்பை இங்கே தேங்காய்ப்பூ தருகிறது. ஃபெட்டா பாலாடைக்கட்டியின் உப்புச் சுவையை மாசிக் கருவாடு ஈடுசெய்கிறது (சைவர் மாசி சேர்ப்பதில்லை). இதில் சேரும் மிளகாய் போர்த்துக்கேயர் வழி வந்ததாயிற்றே, இது எப்படி மரபு என்று கேட்கலாம். கிரேக்கரின் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போனதுதான்.

வேலையின் பெரும்பகுதி இலையை நூலாக அரிவதே; தடித்தால் கைப்பு முந்தும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ கலந்து, உப்பையும் தேசிக்காய்ச் சாற்றையும் பரிமாறும் நேரத்தில் மட்டும் சேர்க்க வேண்டும். உப்பு இலையின் நீரை இழுத்து வாட்டும். புளிப்பு பச்சையத்தைப் பழுப்பாக்கும். ஈரநிலத்தில் படரும் இலையைப் பச்சையாக உண்பது ஆபத்தில்லையா என்ற கேள்வி நியாயமானது. ஓடும் நீரில் பலமுறை அலசுவது ஆபத்தைக் குறைக்கும், முற்றாக நீக்காது. நீரின் தூய்மையில் ஐயமிருந்தால் அடுப்பிலேற்றி வறையாக்கலாம், ஆனால் அது வேறு பண்டம்.