பாரிசும் கிளாஸ்கோவும்: நிழற்படத்திற் பதிந்த இரு நகரங்கள்

பாரிஸ் மாநகரிலே தம்பிள் சாலை என்னும் அகன்ற வீதியொன்று உண்டு. 1838 ஆம் ஆண்டளவில், அவ்வீதியை நோக்கிய மேல்மாடிச் சாளரம் ஒன்றிலிருந்து தாகேர் என்பவர் படமொன்று பிடித்தார். வண்டிகளும் மாந்தரும் ஓயாது சென்றுகொண்டிருந்த வீதி அது. ஆயினும் படத்திலே வண்டி ஒன்றேனும் இல்லை. வீதி வெறிச்சோடிக் கிடக்கின்றது. ஓரிடத்தில் மட்டும், தம் காலணிக்கு மெருகிடுவித்துக்கொண்டு நின்ற ஒருவரின் உருவம் தெரிகின்றது. அக்காலக் கருவி ஒரு காட்சியைப் பதித்தற்குப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தன. நடந்தவர் எவரும் பதியவில்லை, நின்றவர் பதிந்தார். நகரங்களைப் படம் பிடித்த வரலாறு இவ்வாறே தொடங்கிற்று.

அதன் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த காலத்தில், ஐரோப்பாவின் பழம்பெரும் நகரங்கள் இரண்டு ஒரே வகையான முயற்சியில் ஈடுபட்டன. ஒன்று பாரிஸ், மற்றது ஸ்கொத்லாந்திலுள்ள கிளாஸ்கோ. இரு நகரங்களும் தம் பழைய பகுதிகளை இடித்துத் தள்ள முடிவு செய்தன. இடிக்கும் முன்னர் அவற்றைப் படம் பிடித்து வைக்கவும் ஏற்பாடு செய்தன. இரண்டுக்கும் தொடர்பும் உண்டு. பாரிசில் நடைபெற்ற வேலைகளைக் கண்டறியும்பொருட்டு, 1866 ஆம் ஆண்டில் கிளாஸ்கோ மாநகர சபையின் பிரதிநிதிகள் அங்கே சென்று வந்தனர்.

பாரிசை மாற்றியமைக்கும் பணியை மூன்றாம் நெப்போலியன் 1853 இல் ஓஸ்மான் என்னும் நிர்வாகியிடம் ஒப்படைத்தான். 1870 வரை அவர் அப்பதவியில் இருந்தார். நெளிந்து சென்ற பழைய தெருக்களை ஊடறுத்து நேரான பெருஞ்சாலைகள் அமைக்கப்பட்டன. சேன் ஆற்றின் நடுவேயுள்ள சித்தே தீவின் குடியிருப்புக்களிற் பெரும்பகுதி அகற்றப்பட்டது. 1860களில், அழியவிருந்த தெருக்களைப் பதிவு செய்யும் பொறுப்பு சார்ள் மார்வில் என்பவருக்கு நகராட்சியால் அளிக்கப்பட்டது. நூல்களுக்குச் சித்திரம் வரைந்து வாழ்ந்த இவர், பின்னர் நிழற்படத் துறைக்கு வந்தவர். இப்பணிக்காக அவர் எடுத்த படங்கள் 400 இற்கு மேற்பட்டவை.

மார்வில் தெருவோடு தெருவாகக் கருவியை நிறுத்தினார். ஈரம் படிந்த கருங்கற் பாவுகை, தெரு நடுவே ஓடும் கழிநீர்க் கால், சுவர்களில் ஒட்டிய விளம்பரங்கள், வளைவிற் சென்று மறையும் வீட்டு வரிசை ஆகியன தெளிவுறப் பதிந்தன. தோல் பதனிடுவோர் வாழ்ந்த பியேவர் ஆற்றங்கரையும் அவர் படங்களில் உண்டு. பாரிசினுள் அந்த ஆறு இன்று நிலத்தின் கீழே மறைந்துவிட்டது. ஆனால் இப்படங்களிற் பெரும்பாலானவற்றில் மக்களைத் தேடித்தான் காணவேண்டும். பல்லாயிரவர் நெருங்கி வாழ்ந்த தெருக்கள் ஆளற்ற தெருக்களாய்க் காட்சி தருகின்றன.

கிளாஸ்கோவின் நிலைமை வேறு. 1801 இல் அங்கே ஏறத்தாழ 77,000 மக்கள் இருந்தனர். தொழிற்சாலைகள் பெருகியதால், 1861 இல் அத்தொகை நான்கு இலட்சத்தை அண்மித்தது. ஹை வீதி, சோல்ட்மார்க்கெட் ஆகிய பழைய வீதிகளின் பின்னே, உயர்ந்த வீடுகளுக்கிடையே ஒடுங்கிய ஒழுங்கைகள் இருந்தன. வேலை தேடி வந்த ஏழைகள் அவற்றில் அடைந்து வாழ்ந்தனர். கொள்ளைநோய்கள் மீண்டும் மீண்டும் தாக்கின. 1866 இல் நகர மேம்பாட்டுச் சட்டம் நிறைவேறிற்று. வீடுகளை வாங்கி இடிக்கும் அதிகாரம் பெற்ற மேம்பாட்டுக் குழு, தோமஸ் அனன் என்பவரைப் படம் பிடிக்க அமர்த்தியது. 1868 முதல் 1871 வரை அவர் இப்பணியைச் செய்தார். முதலில் வெளிவந்த தொகுதியில் 31 படங்கள் இருந்தன.

அனனின் தொழில் எளிதன்று. கண்ணாடித் தகட்டிற் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, அது உலருமுன் படம் பிடித்து, உடனேயே இருட்டில் வைத்துத் துலக்க வேண்டும். வெயில் நுழையாத ஒழுங்கையிலே ஒளி பதிய நெடுநேரம் சென்றது. ஆயினும் அங்கே வாழ்ந்தோர் விலகிச் செல்லவில்லை. வாயிற்படிகளிலும் சுவரோரங்களிலும் நின்று கருவியை நோக்கினர். அசையாது நின்ற பெண்களின் முகங்கள் தெரிகின்றன. நிற்க மாட்டாத குழந்தைகள் வெண்புகை போலக் கலங்கித் தெரிகின்றனர். தலைக்கு மேலே துணிகள் உலர்கின்றன.

ஆகவே இரு நகரங்களும் இருவேறு செல்வங்களை விட்டுச் சென்றன. ஒரு தெரு எங்கே தொடங்கி எவ்வாறு வளைந்தது என்பதை அறிய விரும்புவோருக்கு மார்விலின் படங்கள் சிறந்த சான்று. 1871 மே மாதத்திற் பாரிஸ் நகர மண்டபமும் அங்கிருந்த நூலகமும் ஆவணங்களும் எரிந்தழிந்தமையால், அச்சான்றின் மதிப்பு மேலும் உயர்ந்தது. தெருவில் வாழ்ந்தவர் எவ்வாறு இருந்தனர் என்பதை அறிய விரும்புவோருக்கோ அனனின் படங்களே கூடுதலாக உதவும்.

எனினும் இரண்டுக்கும் பொதுவான குறையொன்று உண்டு. மார்வில் தம் படங்களுக்குத் தெருவின் பெயரையும், எந்தத் தெருவிலிருந்து நோக்கியது என்பதையும் குறித்தார். அனன் ஒழுங்கையின் இலக்கத்தைக் குறித்தார். ‘ஹை வீதி, இலக்கம் 118’ என்பது அவற்றுள் ஒன்று. வாயிலில் நின்றவரின் பெயர் எங்கும் இல்லை. படம் பிடிக்குமாறு பணித்தவர்கள் இடிக்குமாறு பணித்தவர்களே. அவர்களுக்கு வேண்டியிருந்தது கட்டடத்தின் நினைவு. வீடிழந்தோர், பாரிசில் நகரின் புறப்பகுதிகளுக்கும், கிளாஸ்கோவில் நெருக்கம் மிகுந்த வேறு தெருக்களுக்கும் சென்று சேர்ந்தனர். அவர்கள் சென்ற வழியை இவ்விரு தொகுதிகளும் காட்டவில்லை.

இதனால் இடித்தது முற்றும் தவறென்று கொள்ளலாகாது. கிளாஸ்கோ ஒழுங்கைகளில் நோயும் இருளும் உண்மையாகவே இருந்தன. ஆனால் பழைய நகரமொன்றின் படத்தைக் கையில் எடுப்போர், அதன் அழகை மட்டும் கண்டு அமைதலும் போதாது. இதனை எடுப்பித்தவர் யார்? எதன்பொருட்டு எடுப்பித்தார்? கருவியின் முன் நில்லாமற் சென்றவர் யாவர்? இவ்வினாக்களையும் அவர்கள் எழுப்புதல் வேண்டும். தம்பிள் சாலையிலே அன்று நடந்து சென்ற நூற்றுக்கணக்கானோர் படத்தில் இல்லை. ஆனால் அச்சாலை அவர்களுடையதாகவும் இருந்தது.