பேஸ்பால் வீரரும் அக்டோபர்ச் சோதனையும்

அமெரிக்க நாட்டில் அக்டோபர் மாதம் பிறந்ததும், விளையாட்டு அபிமானிகளின் பேச்சில் ஒரு பழைய வழக்கு மீண்டும் விசாரணைக்கு வந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் வெற்றிமேல் வெற்றி குவித்த பந்தெறி வீரர் ஒருவர் இறுதிப் பந்தயங்களில் தோற்றுப்போனால், அவரைத் தலைசிறந்தவர் என்று கூறலாமா? ஆண்டு முழுவதும் நடுத்தரமாக ஆடிய மற்றொருவர் அம்மாதத்தின் ஒரு பிற்பகலில் மட்டும் ஒளிவீசினால், அவரை முன்னவருக்கு மேலாக வைக்கலாமா? பேஸ்பால் ஆட்டத்தின் உலகத் தொடர் 1903-ஆம் ஆண்டில் தோன்றியது. வழக்கும் உடன் தோன்றியது எனலாம். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் தீர்ப்பு வழங்கப்படாத இவ்வழக்கின் வரலாற்றை ஈண்டு சிறிது நோக்குவோம்.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர்க்குக் கிரிக்கெட் நன்கு பழகியது. ஆகவே பேஸ்பாலைப் பற்றிச் சில சொற்கள் முதலில் கூறிவிடுவது நலம். இவ்வாட்டத்தில் பந்தை நிலத்தில் குத்தி எழும்பச் செய்வதில்லை. பந்தெறி வீரர் ஒரு மேட்டின்மீது நின்று, கையை மடக்கி வீசி, மட்டையாளரை நோக்கி நேரே எறிகிறார். ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ் கொண்டது. முற்காலத்தில் பெரும்பாலும் ஒருவரே முழு ஆட்டத்திலும் எறிந்தார். இக்காலத்தில் பலர் பகிர்ந்துகொள்கின்றனர். எவ்வாறாயினும் தோளுக்கும் முழங்கைக்கும் கடுமையான வேலை அது. எனவே ஓர் ஆட்டத்தைத் தொடங்கியவர் சில நாட்கள் ஓய்வு பெற்ற பின்னரே மறு ஆட்டத்தைத் தொடங்குவார்.

முன்னாளில் ஒரு பருவத்துக்கு 154 ஆட்டங்கள். 1960-களின் தொடக்கம் முதல் 162. இவற்றுள் முன்னணி வீரர் ஒருவர் இந்நாளில் ஏறத்தாழ முப்பது ஆட்டங்களைத் தொடங்கிவைக்கிறார். பருவம் முடிந்ததும் இரு பெரும் லீக்குகளின் வெற்றிக் குழுக்கள் உலகத் தொடரில் மோதுகின்றன. ஏழு ஆட்டங்களுள் நான்கை முதலில் வெல்பவர்க்கே கிரீடம். இத்தொடரில் ஒரு பந்தெறி வீரருக்கு இரண்டு அல்லது மூன்று வாய்ப்புகளே கிட்டும். முப்பது ஆட்டங்களின் உழைப்பை மூன்று ஆட்டங்களைக் கொண்டு அளப்பது முறையா என்பதே வழக்கின் சாரம்.

முதல் உலகத் தொடரின் முதல் ஆட்டம் 1903 அக்டோபர் 1-ஆம் நாள் பாஸ்டன் நகரில் நடைபெற்றது. பாஸ்டனுக்காக எறிந்தவர் சை யங். தம் ஆட்ட வாழ்வில் 511 வெற்றிகள் பெற்றவர். அவ்வெண்ணிக்கையை இன்றுவரை எவரும் நெருங்கியதில்லை. அத்தகையவர் அன்று முதல் இன்னிங்ஸிலேயே பிட்ஸ்பர்க் குழுவுக்கு நான்கு ஓட்டங்களை விட்டுக்கொடுத்தார். பாஸ்டன் 7-க்கு 3 என்ற கணக்கில் தோற்றது. தொடர் அன்றோடு முடிந்திருந்தால் அவர் பெயருக்கு என்ன நேர்ந்திருக்கும்? நல்வாய்ப்பாக அவ்வாண்டுத் தொடர் ஐந்து வெற்றிகளை வேண்டி நின்றது. பின்னர் யங் இரு ஆட்டங்களை வென்றார். பாஸ்டனும் கிரீடம் பெற்றது. சிறந்த பந்தெறி வீரருக்கு 1956 முதல் அளிக்கப்பட்டுவரும் பரிசு இவருடைய பெயரையே தாங்கியுள்ளது.

அபிமானிகளின் உள்ளத்தில் ஓர் அளவுகோலை நாட்டியவர் கிறிஸ்டி மாத்யூசன். 1905-ஆம் ஆண்டில் நியூயார்க் ஜயண்ட்ஸ் குழுவுக்காக ஆறு நாட்களுக்குள் மூன்று முழு ஆட்டங்களில் எறிந்தார். இருபத்தேழு இன்னிங்ஸிலும் பிலடெல்பியா குழுவால் ஓர் ஓட்டமேனும் எடுக்க இயலவில்லை. அன்று முதல், பெரிய வீரர் என்பவர் அக்டோபரில் பெரியவராக இருத்தல் வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வேரூன்றியது.

அவ்வெதிர்பார்ப்பின் சுமையை மிகுதியாக உணர்ந்தவர் வாஷிங்டன் குழுவின் வால்டர் ஜான்சன். 1907-இல் ஆடத் தொடங்கியவர். மொத்தம் 417 வெற்றிகள் பெற்றவர். ஆயினும் அவருடைய குழு வலிமையற்றதாக இருந்தமையால், உலகத் தொடரைக் காண அவர் 1924 வரை காத்திருக்க நேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 36. முதல் ஆட்டத்தில் பன்னிரண்டு இன்னிங்ஸ் எறிந்தும் தோற்றார். ஐந்தாம் ஆட்டத்திலும் தோற்றார். இறுதியான ஏழாம் ஆட்டம் 3-க்கு 3 எனச் சமநிலையில் நின்றபோது, ஒன்பதாம் இன்னிங்ஸில் அவரையே மீண்டும் அழைத்தனர். நான்கு இன்னிங்ஸ் எறிந்தார். எதிர்க் குழுவுக்கு ஓட்டம் ஏதும் கொடுக்கவில்லை. பன்னிரண்டாம் இன்னிங்ஸில் வாஷிங்டனின் மெக்நீலி அடித்த பந்து தரையில் உருண்டு சென்று, ஒரு கல்லில் பட்டதுபோலத் திடீரென எழும்பி, மூன்றாம் தளத்தில் நின்ற இளைஞரின் தலையைத் தாண்டிப் போயிற்று. வாஷிங்டன் வென்றது, வெற்றி ஜான்சனின் கணக்கில் ஏறியது. அந்தப் பந்து நேராகவே உருண்டிருந்தால், பதினெட்டு ஆண்டு உழைப்புக்குப் பிறகு அவரை எப்பெயரால் அழைத்திருப்பர்?

இவ்வழக்கின் இரு பக்கங்களும் ஒரே வாரத்தில், ஒரே களத்தில் எதிரெதிரே நின்ற ஆண்டு 1956. புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவின் டான் நியூகோம் அப்பருவத்தில் 27 ஆட்டங்களை வென்றார், தோற்றவை ஏழே. சை யங் பரிசைப் பெற்ற முதல் மனிதர் அவரே. எதிர்த்து நின்ற நியூயார்க் யாங்கீஸ் குழுவில் டான் லார்சன் என்பவர் இருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பால்டிமோர் குழுவில் 3 வெற்றியும் 21 தோல்வியும் கண்டவர் அவர். தொடரின் இரண்டாம் ஆட்டத்தை இவ்விருவருமே தொடங்கினர். இரண்டாம் இன்னிங்ஸ் முடியுமுன் இருவருமே களத்திலிருந்து அகற்றப்பட்டனர்.

மூன்று நாட்கள் கழித்து, அக்டோபர் 8-ஆம் நாள், லார்சன் மீண்டும் எறிந்தார். வந்த 27 மட்டையாளருள் ஒருவரும் முதல் தளத்தைக்கூட எட்டவில்லை. இத்தகைய முழுமையான ஆட்டம் உலகத் தொடரில் அதற்கு முன்னும் நிகழ்ந்ததில்லை, பின்னும் நிகழவில்லை. அக்டோபர் 10-ஆம் நாள் நடந்த ஏழாம் ஆட்டத்திலோ நியூகோமின் பந்துகளை யோகி பெர்ரா இருமுறை அரங்கத்துக்கு வெளியே அடித்துவிட்டார். புரூக்ளின் 9-க்கு 0 எனத் தோற்றது. லார்சனின் ஆட்ட வாழ்வு 81 வெற்றி, 91 தோல்வி என முடிந்தது. எனினும் அவர் பெயர் அழியாது. நியூகோமின் மீதோ, பெரிய ஆட்டத்தில் துணிவிழப்பவர் என்ற பழி படிந்தது.

அந்தப் பழியைச் சற்று ஆராய்தல் வேண்டும். நியூகோம் உலகத் தொடரில் ஐந்து ஆட்டங்களைத் தொடங்கினார்; ஒன்றிலும் வெல்லவில்லை; நான்கில் தோற்றார். கணக்கு அவ்வளவே கூறும். ஆனால் அவற்றுள் முதலாவதான 1949-ஆம் ஆண்டு ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். எட்டு இன்னிங்ஸ் வரை ஓர் ஓட்டமும் கொடாது, பதினொரு மட்டையாளரை வெளியேற்றி, ஒன்பதாம் இன்னிங்ஸில் ஒரே ஓர் அடியால் 1-க்கு 0 எனத் தோற்றார். கோழை ஆடிய ஆட்டமா அது? மேலும், அவர் யார் என்பதையும் மறத்தலாகாது. கறுப்பினத்தவர்க்கு மூடப்பட்டிருந்த பெரிய லீக்குகளின் கதவை 1947-இல் ஜாக்கி ராபின்சன் திறந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின் அவ்வழியே நுழைந்தவர் நியூகோம். குழுவின் வெள்ளைத் தோழர் தங்கிய ஓட்டல்களில் கறுப்பு வீரர்க்கு இடம் மறுக்கப்பட்ட காலம் அது. 1952, 1953 ஆகிய இரு பருவங்களையும் இராணுவ சேவைக்காக இழந்தவர் அவர். பின்னாளில் மதுப்பழக்கத்தால் வீழ்ந்து, அதனின்று மீண்டு, அப்பழக்கத்தில் சிக்கிய பிறரை மீட்கும் பணியில் ஈடுபட்டு, 2019-இல் காலமானார். துணிவிழப்பவர் என்ற ஒற்றைச் சொல் இவ்வாழ்க்கைக்குப் பொருந்துமா என்று நேயர்களே தீர்மானிக்கலாம்.

வெற்றி தோல்விக் கணக்கு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு அதே டாட்ஜர்ஸ் குழுவின் சாண்டி கூஃபாக்ஸ் மற்றொரு சான்று. 1965-இல், தம் யூத சமயத்தின் புனித நாள் என்பதால் முதல் ஆட்டத்தில் எறிய மறுத்தவர். அதே தொடரின் ஏழாம் ஆட்டத்தில் இரண்டே நாள் ஓய்வுடன் வந்து ஓட்டம் ஏதும் கொடாது வென்றவர். உலகத் தொடர்களில் ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த ஓட்டங்களின் சராசரி 0.95. மூன்றுக்குக் கீழ் இருந்தாலே சிறப்பு எனக் கருதப்படும் ஆட்டத்தில் இஃது அரிய எண். இருந்தும் அவருடைய கணக்கு நான்கு வெற்றி, மூன்று தோல்வி. ஏன்? 1959-இல் தோற்றது 1-க்கு 0 என்ற கணக்கில். 1966-இல் ஆடிய தம் கடைசி ஆட்டத்திலோ, பின்களத்தில் நின்ற தோழர் ஒரே இன்னிங்ஸில் மூன்று பிழைகள் செய்தார். தோல்வி மட்டும் பந்தெறிந்தவர் பெயரில் பதிவாயிற்று.

1970-களில் விவாதத்துக்குப் புதிய கருவி கிடைத்தது. 1971-இல் பேஸ்பால் ஆராய்ச்சிக் கழகம் ஒன்று தோன்றியது. 1977 முதல் பில் ஜேம்ஸ் என்பார் ஆண்டுதோறும் புள்ளிவிவர நூல்களை வெளியிட்டார். சில ஆட்டங்களைக் கொண்டு ஒருவருடைய நெஞ்சுரத்தை அளத்தல் இயலாது என்பது இவ்வழியினரின் வாதம். கண்ணால் கண்டதைக் கணக்கு மறுக்க முடியாது என்பது பழைய அபிமானிகளின் வாதம். இரு தரப்பும் மோதிய பெரும் போர்க்களம் ஜாக் மாரிஸ். 1991-ஆம் ஆண்டுத் தொடரின் ஏழாம் ஆட்டத்தில் மினசோட்டாவுக்காகப் பத்து இன்னிங்ஸ் எறிந்து, 1-க்கு 0 என வென்றவர். அந்த ஓர் இரவே அவரைப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப் போதும் என்றனர் ஒரு சாரார். அவருடைய வாழ்நாள் சராசரி 3.90 என்பதையும், அடுத்த ஆண்டே டொராண்டோவுக்காக உலகத் தொடரில் ஆடிய இரு ஆட்டங்களிலும் தோற்றதையும் சுட்டிக்காட்டினர் மறு சாரார். பதினைந்து ஆண்டுகள் பத்திரிகையாளர் வாக்களித்தும் தேவையான முக்கால் பங்கு கிட்டவில்லை. இறுதியில் ஒரு தனிக்குழு 2017-இல் அவரைத் தேர்ந்தெடுத்தது.

நம் காலத்தில் இவ்வழக்கின் பெரும் பிரதிவாதி கிளேட்டன் கெர்ஷா. 2008 முதல் 2025 வரை லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் குழுவில் ஆடியவர். மூன்று முறை சை யங் பரிசு பெற்றவர். பருவ ஆட்டங்களில் அவருடைய வாழ்நாள் சராசரி 2.53. அக்டோபர் ஆட்டங்களிலோ அது நான்கைத் தாண்டி நின்றது. 2014-இல் 21 வெற்றி, 3 தோல்வி என ஒளிர்ந்தவர், அதே ஆண்டில் செயின்ட் லூயிஸ் குழுவிடம் இருமுறை தோற்றார். 2019-இல் வாஷிங்டனுக்கு எதிரே அடுத்தடுத்த இரு பந்துகளில் இரண்டு ஹோம் ரன்கள் கொடுத்துத் தலைகவிழ்ந்து அமர்ந்தார். 2017-இல் ஹூஸ்டனில் நான்கு ஓட்ட முன்னிலையை இழந்ததும் அவர் கணக்கில் சேர்ந்தது. ஆயின் 2020 ஜனவரியில் வெளியான விசாரணை முடிவு வேறொன்றைக் கூறியது. 2017-இல் ஹூஸ்டன் குழுவினர் காமிரா மூலம் எதிரணியின் சைகைகளைத் திருடி, குப்பைத் தொட்டியைத் தட்டித் தம் மட்டையாளருக்கு முன்னறிவித்து வந்தனராம்! எத்தனையோ பேர் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஆட்டத்தைக் காட்டி அவருடைய நெஞ்சுரத்தை ஐயுற்றிருந்தனர். அதே 2020 அக்டோபரில் கெர்ஷா உலகத் தொடரில் இரு ஆட்டங்களை வென்றார். குழு கிரீடம் சூடியது.

அப்படியாயின் அபிமானிகள் கூறுவதெல்லாம் வீணோ? அங்ஙனமும் கூறிவிட இயலாது. யாங்கீஸ் குழுவின் மரியானோ ரிவேரா அக்டோபர் ஆட்டங்களில் 141 இன்னிங்ஸ் எறிந்து, சராசரி 0.70 மட்டுமே கொடுத்தார். அதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட எவருக்கும் மனம் வாராது. ஆனால் அவரும் 2001-ஆம் ஆண்டுத் தொடரின் ஏழாம் ஆட்டத்தில், கடைசி இன்னிங்ஸில், கையிலிருந்த முன்னிலையை இழந்தார். அவரை எவரும் கோழை என்று அழைக்கவில்லை. முன்பு பெற்ற வெற்றிகள் அவருக்குக் கவசமாயின. நியூகோமுக்கு அக்கவசம் இல்லை. இருவருடைய தோல்வியும் ஒரே வகைத் தோல்வி; அதற்கு உலகம் இட்ட பெயர்தான் வேறு.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளக்கூடியது இதுவே. அக்டோபர் வெற்றியைக் கொண்டாடுவதில் தவறில்லை. மீண்டும் வாராத கணங்களைப் போற்றுவது மனித இயல்பு. பருவ உழைப்புக்கு ஒரு கணக்கும் அக்டோபருக்கு ஒரு கணக்குமாக இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். தவறு நேர்வது அடுத்த அடியில். தோற்றவருடைய தோளின் களைப்பையும், தோழரின் பிழையையும், தரையில் கிடந்த கல்லையும் எண்ணாமல், அவருடைய உள்ளத்துக்கே குற்றம் சாட்டும்போது விவாதம் அநீதியாகிவிடுகிறது. ஆட்டக் கணக்கில் ஓட்டத்துக்கு ஓர் இடம் உண்டு. பிழைக்கு ஓர் இடம் உண்டு. கோழைத்தனத்துக்கு இடம் ஏதும் இல்லை.

2025 அக்டோபர் 27-ஆம் நாள் உலகத் தொடரின் மூன்றாம் ஆட்டம் பதினெட்டு இன்னிங்ஸ் வரை நீண்டது. பன்னிரண்டாம் இன்னிங்ஸில், மூன்று தளங்களிலும் டொராண்டோ வீரர்கள் நிற்க, ஓய்வு பெறப்போவதாக முன்னரே அறிவித்திருந்த முப்பத்தேழு வயதுக் கெர்ஷாவை அழைத்தனர். ஒரே ஒரு மட்டையாளருக்கு எறிந்தார். பந்து தரையில் உருண்டது. மட்டையாளர் முதல் தளத்தை எட்டுமுன் வெளியேற்றப்பட்டார். ஓட்டம் ஏதும் விழவில்லை. கெர்ஷா உலகத் தொடரில் எறிந்தது அதுவே கடைசி. அவருடைய குழு அவ்வாட்டத்தையும், பின்னர் தொடரையும் வென்றது. அந்த ஒரு மட்டையாளரை எந்தக் கணக்கில் எவ்வளவு எடையோடு வைப்பது என்று அபிமானிகள் அன்றிரவே வாதாடத் தொடங்கியிருப்பர் என்பதில் ஐயமில்லை.