போன் சொல்ற நட்சத்திரம் சரிதானா? கல்வராயன் மலையில் வானம் பார்க்க ஒரு கைடு!

கள்ளக்குறிச்சியில இருந்து கச்சிராயபாளையம் வழியா வெள்ளிமலைக்குப் போறவங்க பெரும்பாலும் என்ன செய்வோம்? கோமுகி அணை, பெரியார் அருவி, மேகம் அருவினு பகல்ல சுத்திட்டு, இருட்டுறதுக்குள்ள கீழே இறங்கிடுவோம். ஆனா, டவுன் வெளிச்சத்துல காணாமப்போற நட்சத்திரங்கள் கொத்துக்கொத்தா தெரியுறது மலையில இருட்டின பிறகுதான்.

'அது என்ன நட்சத்திரம்?'னு கேட்டா பதில் சொல்ல போன்லயே ஆப் இருக்கு. ஸ்டெல்லேரியம், ஸ்கை மேப் மாதிரி ஏதாவது ஒண்ணைத் திறந்து வானத்தை நோக்கிப் பிடிச்சா, பெயரோட காட்டும். ஆனா அது எப்படிச் சொல்லுதுனு தெரிஞ்சுக்கிட்டாதான், எப்போ நம்பலாம், எப்போ நம்பக்கூடாதுனு புரியும்.

போன் வானத்தைப் பார்க்கிறதே இல்லை!

கேமராவை மேல காட்டுறதால, போன் நட்சத்திரத்தைப் 'பார்த்து' பெயர் சொல்லுதுனு நாம நினைச்சுக்கிறோம். உண்மையில அது கணக்கு மட்டும்தான் போடுது. நீங்க எங்கே நிக்கிறீங்கனு ஜி.பி.எஸ் சொல்லும். நேரத்தைக் கடிகாரம் சொல்லும். போன் எவ்வளவு உயரம் தூக்கியிருக்குனு புவியீர்ப்பை வெச்சு ஆக்ஸிலரோமீட்டர் சொல்லும். எந்தத் திசையில திரும்பியிருக்குனு பூமியோட காந்தப்புலத்தை வெச்சு மேக்னடோமீட்டர் சொல்லும். இந்த நாலையும் வெச்சு, 'இந்த நேரத்துல அந்தத் திசையில இது இருக்கணும்'னு ஆப் வரைஞ்சு காட்டுது. அதனாலதான் மேகம் மூடியிருந்தாலும், போனைத் தரையை நோக்கிப் பிடிச்சாலும் நட்சத்திரம் காட்டும்.

இது போனுக்கு முன்னாடியே வந்த ஐடியா. 2006-ல செலஸ்ட்ரான் நிறுவனம் 'ஸ்கைஸ்கவுட்'னு கையடக்கக் கருவி ஒண்ணைக் கொண்டுவந்தது. அதுக்குள்ளயும் இதே மாதிரி ஜி.பி.எஸ், சென்சார்கள்தான். 2009-ல கூகுள் ஸ்கை மேப் வந்த பிறகு, அந்த வேலையை ஆண்ட்ராய்டு போனே செய்ய ஆரம்பிச்சது.

தப்பு பக்கவாட்டுலதான் வரும்

இந்த நாலுல அடிக்கடி ஏமாத்துறது காந்த சென்சார்தான். பக்கத்துல பைக், கார், இரும்புக் கிராதி இருந்தாலே திசை பிசகிடும். காந்தம் வெச்ச போன் கவர், இயர்பட்ஸ் டப்பாகூட இதைக் குழப்பும். திசை 5 டிகிரி தப்பினா என்ன ஆகும்? முழு நிலா வானத்துல பிடிக்கிற அகலமே அரை டிகிரிதான். அப்போ 5 டிகிரிங்கிறது 10 நிலாவை வரிசையா அடுக்கின தூரம். பக்கத்து நட்சத்திரத்தோட பெயரை ஆப் இதுக்குக் கொடுத்துடும்.

ஆனா ஒரு நல்ல விஷயம், புவியீர்ப்பை வெச்சு சொல்ற உயரம் அவ்வளவா தப்பாது. ஆகவே, படமும் வானமும் பொருந்தலைன்னா, அதே உயரத்துல இடது, வலது பக்கம் தேடிப் பாருங்க. வண்டியை விட்டுப் பத்தடி தள்ளி நின்னு, கவரைக் கழட்டிட்டு, போனைக் காத்துல '8' போடுற மாதிரி சில தடவை சுத்துங்க. திசை பெரும்பாலும் சரியாகிடும்.

ஒரு சின்ன டெஸ்ட்

சரியாச்சானு எப்படித் தெரிஞ்சுக்கிறது? ஆப் இல்லாமலே அடையாளம் தெரியுற ஒரு நட்சத்திரத்தை வெச்சுத்தான். கையை முழுசா நீட்டி, முஷ்டி மடக்கினா அதோட அகலம் சுமார் 10 டிகிரி. இதுதான் உங்க ஸ்கேல்.

பிப்ரவரி நடுவுல, இரவு 9 மணிக்குத் தெற்கே பாருங்க. உயரத்துல பளீர்னு மின்னுறது சிரியஸ், இரவு வானத்துலயே பிரகாசமான நட்சத்திரம். அதுக்கு நேர் கீழே, தொடுவானத்துல இருந்து ரெண்டரை முஷ்டி உயரத்துல ரெண்டாவது பிரகாசமான கனோபஸ் இருக்கும். நம்ம ஊர்ல அகத்திய நட்சத்திரம்னு சொல்றது இதைத்தான். லண்டன்ல இருக்கிறவங்களுக்கு இது தெரியவே தெரியாது.

அப்படியே வடக்கே திரும்புங்க. கள்ளக்குறிச்சி பூமத்திய ரேகைக்கு 12 டிகிரி கிட்ட வடக்கே இருக்கு. அதனால துருவ நட்சத்திரமும் சுமார் 12 டிகிரி உயரத்துல, அதாவது ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் மேலதான் நிக்கும். மரமோ குன்றோ மறைக்காத இடமா பாருங்க. இந்த மூணும் ஆப்ல சரியா உட்கார்ந்தா, மத்ததையும் நம்பலாம்.

பஞ்சாங்கத்துல ஒரு பேர், ஆப்ல ஒரு பேர்

ஆப் இங்கிலீஷ் பெயர் காட்டுறதால அந்நியமா தோணலாம். பாதிப் பேரை நீங்க காலண்டர்ல தினமும் பார்க்கிறீங்க!

- கார்த்திகை - பிளீயட்ஸ்
- ரோகிணி - ஆல்டெபரான்
- திருவாதிரை - பெட்டல்ஜூஸ்
- மகம் - ரெகுலஸ்
- சித்திரை - ஸ்பைகா
- சுவாதி - ஆர்க்டூரஸ்
- கேட்டை - அன்டாரெஸ்

பாட்டிகிட்ட 'திருவாதிரை எது?'னு கேட்டுட்டு, ஆப்ல பெட்டல்ஜூஸ் தேடிப் பாருங்க. லேசான செந்நிறத்துல இருக்கும்.

நகர்ற புள்ளி என்ன?

மின்னாம நிதானமா ஒளிர்றது பெரும்பாலும் கோள். சிவப்பு, பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிஞ்சா விமானம். சத்தமில்லாம சீரா நகர்ந்து, நடுவானத்துல திடீர்னு மறைஞ்சா செயற்கைக்கோள். பூமியோட நிழலுக்குள்ள போறதாலதான் அது மறையுது. வரிசையா ரயில் மாதிரி புள்ளிகள் போனா, புதுசா ஏவின ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களா இருக்கலாம். பறக்கும் தட்டுனு வாட்ஸ்அப்ல வீடியோ விடுறதுக்கு முன்னாடி 'ஹெவன்ஸ் அபவ்' மாதிரி ஆப்ல செக் பண்ணுங்க. செயற்கைக்கோள் பாதை மாறிக்கிட்டே இருக்கும், அதனால பழைய டேட்டா உதவாது.

கிளம்பும் முன்...

- மலையில பல இடங்கள்ல சிக்னல் கிடைக்காது. ஆப்பைக் கீழேயே டவுன்லோடு செஞ்சு, அப்டேட் பண்ணிடுங்க. ஜி.பி.எஸ்ஸுக்கு நெட் தேவையில்லை.
- லொகேஷன் அனுமதி கொடுங்க. இல்லைன்னா ஆப் வேற ஏதாவது ஊரோட வானத்தைக் காட்டும்.
- ஆப்ல சிவப்பு நிற 'நைட் மோடு' போடுங்க. கண் இருட்டுக்குப் பழக 20-30 நிமிஷம் ஆகும். வெள்ளைத் திரையை ஒரு தடவை பார்த்தாலே அது வீணாகிடும்.
- அமாவாசையை ஒட்டின நாளா, மழைக்காலம் முடிஞ்ச ஜனவரிக்கு மேல போங்க.
- ராத்திரி காட்டுக்குள்ள, அருவிப் பாதையில போகாதீங்க. ஊரை ஒட்டின வெட்டவெளி போதும். அங்கே வாழ்ற மலையாளிப் பழங்குடி மக்கள்கிட்ட சொல்லிட்டு நில்லுங்க. அவங்க வீட்டுப் பக்கம் டார்ச் அடிக்காதீங்க.

ஆர்வம் அதிகமாச்சுனா, கல்வராயனுக்கு வடக்கே ஜவ்வாது மலையில காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு. தெற்கு வானமும் நல்லா தெரியுற இடம்னுதான் அங்கே அமைச்சாங்க. அங்கே 1986-ல திறந்த தொலைநோக்கியோட கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். பொதுமக்களுக்கு அனுமதி உண்டானு முன்கூட்டியே விசாரிச்சிட்டுப் போங்க.

முதல் நாள் ராத்திரி போனைப் பார்த்து நட்சத்திரத்தைத் தேடுவீங்க. நாலாவது தடவை நட்சத்திரத்தைப் பார்த்து, போன் சரியா இருக்கானு செக் பண்ணுவீங்க. அப்போ கூட வந்தவங்க 'அது என்ன?'னு கேட்டா, போனை எடுக்காமலே பதில் சொல்லிடலாம்!