கடல் மரத்தூளும் அரபிக்கடலின் நைட்ரஜன் கணக்கும்

1770ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் கீழைக் கரையோரமாகச் சென்ற ஜேம்ஸ் குக்கின் கப்பலில் இருந்தோர், நீர்ப்பரப்பில் பழுப்புநிறத் தூள் மிதப்பதைக் கண்டனர். மாலுமிகள் அதற்கு இட்ட பெயர் 'கடல் மரத்தூள்'. 1823இல் செங்கடலின் டோர் துறைமுகத்தில் அத்தகைய செந்நிறப் படலத்தை ஆராய்ந்த ஜெர்மானிய இயற்கையியலர் எஹ்ரன்பெர்க், 1830இல் அதற்கு 'ட்ரைக்கோடெஸ்மியம்' என்று பெயரிட்டார். 1832இல் பிரேசிலின் அப்ரோலோஸ் தீவுகளுக்கு அருகே டார்வினும் இதைக் கண்டு எழுதினார். மூவேறு கடல்கள், காட்சி ஒன்றே. அது எவ்வகை உயிர் என்று ஆராய்ந்தார்களேயன்றி, அது ஏன் அவ்விடத்தில், அப்பருவத்தில் பெருகியது என்ற கேள்வி நெடுங்காலம் எழவில்லை.

அக்கேள்வி எழுவதற்கு அவ்வுயிரின் தொழில் தெரிந்திருக்க வேண்டும். காற்றிலும் கடல்நீரிலும் நைட்ரஜன் வாயு நிறைந்திருப்பினும் பெரும்பாலான உயிர்களால் அதை நேரடியாகப் பயன்படுத்த இயலாது. நைட்ரஜனேஸ் என்னும் நொதியை உடைய நுண்ணுயிர்கள் மட்டுமே அதை அம்மோனியாவாக மாற்றுகின்றன. நிலத்தில் அவரையினப் பயிர்களின் வேர்முடிச்சுகள் இதைச் செய்வதை 1880களிலேயே ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் நிறுவிவிட்டனர். கடலில் ட்ரைக்கோடெஸ்மியம் அதையே செய்கிறது என்பதை, 1961இல் சர்காசோ கடலில் நைட்ரஜன்-15 ஐசோடோப்பைக் கொண்டு டக்டேல், மென்செல், ரைதர் ஆகியோர் காட்டினர்.

இந்தியக் கடல்சார் ஆய்வு இக்கதையில் சேர்வது இதன் பிறகே. சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தின் தொடர்ச்சியாக, 1966 ஜனவரி 1 அன்று தேசியக் கடலியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. கோவாக் கரையில் தோன்றும் ட்ரைக்கோடெஸ்மியப் பெருக்கத்தைப் பற்றியும், அது மடிந்தபின் அடுத்தடுத்து வரும் உயிரினங்களைப் பற்றியும் தேவஸி, பட்டதிரி, காசிம் ஆகியோர் 1978, 1979ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகள் இன்றளவும் முன்னோடி ஆய்வுகளாகக் கருதப்படுகின்றன. எனினும், அரபிக்கடலில் இத்தகைய பெருக்கத்தின்போது நைட்ரஜன் நிலைப்படுத்தலின் வேகத்தை நேரடியாக அளந்த முதல் முடிவுகள் 2011இல்தான் வெளிவந்தன. அவற்றை வெளியிட்டது அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தைச் சார்ந்த குழு. பெருக்கம் கண்ணுக்குத் தெரிந்தது முந்தைய காலம். அளவு கணக்குக்கு வந்தது மிகப் பிந்தைய காலம்.

அரபிக்கடலில் காலத்தையும் இடத்தையும் வகுப்பது நீரின் இயக்கமே. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியா, ஓமன் கரைகளிலும் இந்தியாவின் தென்மேற்குக் கரையிலும் ஆழத்து நீரை மேலே கொணர்கிறது. அந்நீரில் நைட்ரேட் இருப்பதால் டயட்டம்கள் செழிக்கின்றன. அப்போது நைட்ரஜன் நிலைப்படுத்திகளுக்குப் பெரிய தேவை எழுவதில்லை. குளிர்காலத்தில் மேற்கு இந்தியக் கரையோர நீரோட்டம் திசைமாறி வடக்கு நோக்கிப் பாய்கிறது. வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீர் தென்கிழக்கு அரபிக்கடலில் மேலடுக்காகப் படிகிறது. கோடை நெருங்கக் காற்று அடங்கி, வெப்பம் ஏறி, அடுக்குகள் கலவாமல் நிற்கின்றன. மேல்நீரில் நைட்ரேட் தீர்ந்துபோகும் இந்த இடைவேளையில்தான், வாயுக் குமிழ்களால் மிதக்கும் ட்ரைக்கோடெஸ்மியம் படலமாகத் திரள்கிறது.

நைட்ரேட் தீர்ந்தும் பாஸ்பேட் எஞ்சுவது எப்படி? விடை ஆழத்தில் உள்ளது. உலகத் திறந்த பெருங்கடல்களில் உயிர்வளி மிகக் குறைந்த மூன்று பெரும் மண்டலங்களுள் ஒன்று அரபிக்கடலில் உள்ளது. அங்கு வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை மீண்டும் நைட்ரஜன் வாயுவாக்கி விடுகின்றன. ரெட்ஃபீல்ட் சுட்டிய வகையில், கடல்நீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஏறத்தாழ 16க்கு 1 என்ற விகிதத்தில் அமைகின்றன. இழப்பு மண்டலத்து நீரில் அவ்விகிதம் குறைந்துவிடுகிறது. அந்நீர் மேலெழும்போது மிஞ்சிய பாஸ்பேட்டும், அரேபியப் பாலைவனத் தூசி தரும் இரும்பும் நைட்ரஜன் நிலைப்படுத்திகளுக்கு இடம் அமைத்துத் தருகின்றன. ஆழத்தில் கடல் இழப்பதன் ஒரு பகுதியை மேற்பரப்பில் நுண்ணுயிர்கள் ஈட்டுகின்றன. இரண்டையும் இணைப்பது நீரோட்டம்.

ஈட்டல் இழப்பின் அருகிலேயே நிகழ்கிறதா, அன்றி இரும்பு மிகுந்த தொலைவிடங்களிலா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. 2007இல் டாய்ச்சும் குழுவினரும் அருகாமையை வலியுறுத்தினர். பின்னர் தென்கிழக்குப் பசிபிக்கில் எடுக்கப்பட்ட அளவீடுகள் அங்கு குறைந்த வேகத்தையே காட்டின. இவ்விவாதம் ஏட்டளவில் நிற்பதன்று. கடல் வெப்பமாகி அடுக்குகள் இறுகினால், ஆழத்திலிருந்து வரும் நைட்ரேட் குறையும். அப்போது மீன்வளத்துக்கு அடிப்படையான மிதவையுயிர்களின் உணவு, இந்த மரத்தூளின் ஈட்டலையே மேலும் சார்ந்திருக்கக்கூடும். மாலுமிகள் வியந்து கடந்துசென்ற படலம், ஒரு கடலின் வரவுசெலவு ஏட்டில் வரவுப் பக்கத்தில் எழுதப்பட்ட வரியாக இருந்திருக்கிறது.